பாடகர் குழுவில் யாருக்கு இடம்?

ஞாயிறு திருப்பலியில் பீடத்துக்குப் பக்கத்தில் மைக் பிடித்து நிற்கும் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? பல பங்குகளில், பாட்டு தொடங்கும் முன்பே இதற்குப் பதில் தெரிந்துவிடும். வாசகம் வாசிப்பது, பீடத்தில் உதவுவது, பாடகர் குழுவில் நிற்பது ஆகிய மூன்றும் வெகுகாலம் ஊர்த்தெருப் பிள்ளைகளின் சொத்தாகவே இருந்தன. சேரிப் பிள்ளைகள் பின்வரிசையில் நின்று 'ஆமென்' சொன்னால் போதும்.

இது நேற்று வந்த வழக்கமல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளின் பெரும்புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), திருச்சபைக்குள் சாதி ஆசாரம் தொடர வேண்டும் என்றே வாதாடினார். அவர் பாட்டின் இனிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாட்டு இனிமையாக இருப்பதாலேயே அதைப் பாடும் இடம் சமமாகிவிடாது.

இதற்கு நேர் எதிரே நின்றவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு. 'பறட்டை அண்ணன்' என்றால் நம் மக்களுக்குத் தெரியும். 2005இல் மறைந்த அவர் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஏட்டுப் படிப்பு இல்லாதவரும் கேட்டுப் பாடலாம், தேவைக்கேற்ப மாற்றியும் பாடலாம் என்பதே அவர் நாட்டுப்புற இசையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம். 'ஒரு உலை' என்பது அவர் அடிக்கடி எடுத்த பேச்சு. ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பதுதான் அவருக்கு இறையியல்.

நம் மாவட்டத்துப் பங்கு ஒன்றில் இளைஞர் பாடகர் குழுவை நடத்தத் தொடங்கியபோது நாங்கள் பிடித்துக்கொண்டது அந்த உலையைத்தான். குரல் தேர்வு வைக்கவில்லை. தேர்வு என்று வைத்தால், வீட்டில் கீபோர்டு உள்ள பிள்ளைதான் தேறும். சனிக்கிழமை மாலை பயிற்சி. கட்டட வேலைக்குப் போய்விட்டு சிமெண்டு காயாத கையோடு வருகிறவன் இருக்கிறான்; கல்லூரி விடுதியிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண் இருக்கிறாள். பாட்டை வரி வரியாகச் சொல்லிக்கொடுப்போம், காதால் கேட்டே பிடித்துக்கொள்வார்கள். நடவு வயலில் பாடிப் பழகிய தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சுருதி பெரிய சிக்கலே இல்லை. கூச்சம்தான் சிக்கல். மைக்கை ஒருவர் கையில் விடாமல் சுற்றில் விட்டோம். பயிற்சி முடிந்ததும் ஒரே பாத்திரத்தில் சுண்டலோ கஞ்சியோ. 'வீட்டில் திட்டுவார்கள்' என்று முதலில் நழுவியவர்கள், பசி தாங்காமல் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பசிக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

உபகாரச் சம்பள விண்ணப்பம் நிரப்புவதும் அங்கேதான். கிறித்தவரான தலித் பிள்ளைக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காது, பிற்படுத்தப்பட்டோர் சான்றுதான் என்பதை ஊர்த்தெருப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது பாட்டுப் பயிற்சியில்தான்.

பறை வந்தபோது சண்டையும் வந்தது. கோயில் முற்றத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். "சாவு மேளத்தைக் கோயிலுக்குள்ள கொண்டாறீங்களா?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கத்தினார். குழுவில் பாடும் சேரிப் பெண் அமைதியாகத்தான் கேட்டாள்: "பெரிய வெள்ளிக்கு நாம கும்பிடுறதும் ஒரு சாவைத்தானே, ஐயா?" அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த ஞாயிறு பறை ஒலித்தது. இரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. அதில் ஒரு பிள்ளை சில வாரங்களில் தானாகவே திரும்பி வந்தான்.

எங்களுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. சேரியில் நரைத்த மனிதரையும் 'வாடா, போடா' என்று ஊர்ச் சிறுவர்கள் அழைப்பது இங்கே பழக்கம். அந்த வீடுகளின் பிள்ளைகள் இப்போது பறை அடிக்கும் இளைஞனை 'அண்ணே' என்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாளம் தவறினால் அவனைத்தானே பார்க்க வேண்டும்!

டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் பாடப் போகும்போது எந்தத் தெரு முதலில் என்று தகராறு வரும். இரு தெருவுக்கும் எல்லாரும் போக வேண்டும், கொடுத்த தேநீரை எல்லாரும் குடிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கதவு திறக்காத வீடுகள் இருந்தன. திறக்கும் வரை வாசலில் பாடிவிட்டு நகர்ந்தோம்.

உண்மையான சோதனை ஒரு மரணத்தில் வந்தது. குழுவில் பாடும் சேரிப் பையனின் அப்பா இறந்துவிட்டார். ஊரில் யாராவது இறந்தால் குழு போய்ப் பாடும். சேரிச் சாவுக்கு அதுவரை போனதில்லை. நாங்கள் யாரையும் வற்புறுத்தவில்லை. மாலை நான்கு மணிக்குச் சேரி முனையில் பதினொரு பேர் நின்றார்கள். அதில் நான்கு பேர் ஊர்த்தெருப் பிள்ளைகள். துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினார்கள். கல்லறை வரை நடந்தார்கள்.

அங்கே போன பிறகுதான் அந்த நால்வரும் நடுவில் நிற்கும் சுவரைக் கவனித்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் புல் மண்டிய மண்மேடுகள், அந்தப் பக்கம் பளிங்குக் கல்லறைகள். மறுவாரப் பயிற்சியில் பாட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பற்றியே பேசினார்கள். அதை அகற்றக் கோரிப் பங்குப் பேரவைக்கு மனு எழுதியிருக்கிறார்கள். குழுவில் மூவரைத் தவிர எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த மூவரும் பயிற்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் பேரவை கூடுகிறது.