காஜா மட்டுந்தான் பாக்கி

தீபாவளிக்கு முதல் நாள் தையற்காரர், "காஜா மட்டுந்தான் பாக்கி, ஐயா" என்றால், துணி இன்னும் கத்தரியையே காணவில்லை என்பது நம் இல்லங்களில் குழந்தைக்கும் தெரியும். இந்த நயமான வழக்கு தையற்கடைக்கு மட்டும் உரியதன்று. பெரும் படிப்புப் படித்த விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் அது செழித்து வளர்ந்திருக்கிறது.

அக்கட்டுரைகளில் எவரும் எதையும் செய்வதில்லை, யாவும் 'செய்யப்படுகின்றன'. கண்ணாடிக் குழாயைக் கீழே போட்டவர் யாரும் இருக்கமாட்டார். 'மூன்றாவது மாதிரி ஆய்வில் சேர்க்கப்படவில்லை' என்றொரு வரி மட்டும் இருக்கும். 'முடிவுகள் ஊக்கமளிப்பனவாக உள்ளன' என்றால், எதிர்பார்த்தது கிட்டவில்லை, மானியத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று பொருள் கொள்க. 1957-இல் அமெரிக்கரான சி. டி. கிரஹாம், 'மெட்டல் பிராகிரஸ்' என்னும் உலோகவியல் ஏட்டில் இம்மொழிக்கு ஒரு சிறு அகராதியே தொகுத்து வெளியிட்டார். அது கைக்குக் கை மாறி இன்றளவும் உலவுகிறது.

ஆயினும் ஐயத்தைக் காட்டும் சொல்லெல்லாம் மழுப்பல் ஆகிவிடாது. 'எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாகக் காணப்பட்டது. மனிதரிடம் சோதிக்கப்படவில்லை' என்று ஒருவர் எழுதினால் அவர் நேர்மையாளர். அந்த வரி செய்தித்தாளுக்கு வரும்போது பின்பாதி உதிர்ந்து, 'நீரிழிவுக்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்பாகிவிடுகிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற பெரியவர் நம் வீட்டில்தான் இருக்கிறார். சோதனை எவரிடம், எத்தனை பேரிடம் நடந்தது என்று கேட்டுவிட்டாலே பாதி மூட்டம் விலகும்.

மழுப்பாமல் எழுதியவர்களும் நம் பெங்களூரிலேயே உண்டு. பழைய தலைமுறையினர் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றே வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐவர், 1974-இல் 'வைமானிக சாஸ்திரம்' என்னும் வடமொழி நூலை ஆராய்ந்தனர். பரத்துவாச முனிவர் அருளியதென்று கூறி, ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் அது. விமானப் படங்களும் அதில் உண்டு. 'மேலும் ஆராய்தல் நலம்' என்று எழுதி மரியாதையாக நழுவியிருக்கலாம். அவர்களோ, நூல் 1904-க்கு முற்பட்டதன்று, இவ்விமானங்களில் ஒன்றும் பறக்காது என்று அறுதியிட்டு எழுதித் தங்கள் பெயரையும் இட்டனர். 2015-இல் மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரஸில் பண்டைய விமானங்களைப் பற்றி உரை நிகழ்ந்தபோது, பத்திரிகைக்காரர்கள் தேடி எடுத்தது அந்த நாற்பதாண்டுப் பழைய கட்டுரையைத்தான்.