பருவம் தரும் இனிப்பு

உணவகத்தில் சாப்பாட்டுக்குப் பின் பரிமாறும் இனிப்புகளைச் செய்வது என் தொழில். எங்கள் உணவகத்தில் இனிப்புப் பட்டியல் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும். "இத்தனை யோசனைகள் உங்களுக்கு எங்கிருந்து வருகின்றன?" என்று மாணவியர் பலர் கேட்டிருக்கிறார்கள். சமையல் நூல்களிலிருந்தோ கைபேசியில் பார்க்கும் படங்களிலிருந்தோ வருவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் என் யோசனைகளில் பெரும்பாலானவை சந்தையிலும் தோட்டத்திலும் பிறக்கின்றன. யாழ்ப்பாணத்து உணவகத்துக்கான பழங்களை நான் தெல்லிப்பழைப் பக்கத்து வீட்டு வளவுகளிலும், சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளிலும் வாங்குகிறேன். அங்கே என்ன வந்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்வது என்ற கேள்விக்கே போகிறேன்.

இது நான் கண்டுபிடித்த வழியன்று. அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 1971இல் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிய 'ஷே பனீஸ்' என்ற உணவகம், அன்றன்று நல்ல நிலையில் கிடைக்கும் பொருளைக் கொண்டே அன்றைய உணவைத் தீர்மானிப்பதால் உலகப் புகழ் பெற்றது. அங்கே இனிப்புகளைப் பொறுப்பேற்ற லின்ட்சி ஷியர், பழத்தின் சுவையை மறைக்காத எளிய இனிப்புகளுக்காகப் பேசப்பட்டவர். யப்பானில் இந்த வழக்கம் இன்னும் பழையது. அங்கே தேநீருடன் வைக்கும் 'வகாஷி' இனிப்புகள் பருவத்தோடு மாறும். இளவேனிலில் உப்பிட்ட செர்ரி இலையில் சுற்றிய அரிசி இனிப்பும், இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டை இனிப்பும் வரும். யாழ்ப்பாணத்துக்கும் இத்தகைய பருவ ஒழுங்கு ஒன்று உண்டு. அதை எழுதி வைக்காமல் அடுப்படியில் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

எங்கள் ஆண்டின் ஒழுங்கு

குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் கிடைத்துவிடுகிறது. மற்ற மாதங்களில் செம்மண்ணும், அதன் கீழிருக்கும் சுண்ணாம்புக்கல்லும், கிணறும்தான் துணை. ஆகவே எங்கள் இனிப்பின் ஆண்டும் மழையைச் சுற்றியே அமைகிறது.

மழைக்கு முன் பாத்தியில் அடுக்கிய பனங்கொட்டைகள் முளைத்து, தை மாதமளவில் கிழங்காகின்றன. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். வெயில் ஏற ஏறக் கருப்பநீர் இறங்கும், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சித்திரை, வைகாசியில் நுங்கு. வைகாசி, ஆனியில் மாம்பழம்: கறுத்தக்கொழும்பான், விலாட், அம்பலவி, செம்பாட்டான் என்று வரிசையாக வரும். தென்மராட்சிப் பலாப்பழமும் அதே காலத்தில் சந்தையை நிறைக்கும். ஆடி முதலாம் நாள், தமிழ் இந்து வீடுகளில் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்ந்த ஆடிக்கூழ். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த நாளைப் பாடியதால் இலங்கையில் தமிழ் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரிந்த நாளாயிற்று. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். பனங்காய்ப் பணியாரமும் பனாட்டும் அப்போதுதான்.

பழம் எப்படி இனிப்பாகிறது?

ஒரு பழம் கையில் வந்ததும் நான் நான்கு கேள்விகள் கேட்கிறேன். இதன் இனிப்போடு புளிப்பு எவ்வளவு இருக்கிறது? இதன் வாசம் சூட்டில் நிற்குமா, பறந்துவிடுமா? இதில் நீர் எவ்வளவு, நார் எவ்வளவு? இந்தக் காலநிலையில் உண்பவரின் உடல் எதைக் கேட்கும்?

கறுத்தக்கொழும்பானை எடுத்துக்கொள்வோம். பழுத்த பின்னும் அதன் தோலில் பச்சை தங்கி நிற்கும். உள்ளே ஆழ்ந்த மஞ்சள், மிகுந்த இனிப்பு, தனி வாசம். அந்த வாசம் சூட்டில் குறைந்துவிடும். ஆகவே நான் அதை அடுப்பில் வைப்பதில்லை. தேங்காய்ப்பாலில் கடற்பாசியைக் காய்ச்சி, சற்று ஆறிய பின் பழக்கூழைக் கலந்து உறைய விடுகிறேன். இனிப்பு திகட்டாதிருக்கத் தேசிக்காய்ப் புளி சில துளிகளும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். மேலே சீனி சேர்ப்பதில்லை, பழத்தில் உள்ளதே தாராளம்.

நோன்பு திறக்கும் மேசையில் எம் வீடுகள் அனைத்திலும் இருக்கும் அதே கடற்பாசிதான் இது. ஐரோப்பிய இனிப்புகளில் இந்த வேலையை ஜெலட்டின் செய்கிறது. ஜெலட்டின் மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் இருந்து வரும் புரதம். ஹலால் பற்றிய கேள்வி ஒருபுறமிருக்க, அதில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, யாழ்ப்பாணத்து மதிய வெயிலில் அது இளகிவிடும். கடற்பாசியோ அறை வெப்பத்திலேயே உறைந்து, கொதிநிலையை நெருங்கும் வரை உருகாமல் நிற்கும். இரண்டாவது, பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தை உடைக்கும் நொதியங்கள் இருப்பதால் அவற்றோடு ஜெலட்டின் உறையாது. கடற்பாசி புரதம் அல்ல, மாப்பொருள் போன்ற ஒரு வகைச் சேர்மம். ஆகவே நொதியங்கள் அதை ஒன்றும் செய்வதில்லை. எம் உம்மாமார் தெரிந்தெடுத்த பொருள், மார்க்கத்துக்கும் காலநிலைக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

கசப்பை என்ன செய்வது?

மாம்பழத்தை இனிப்பாக்குவது எளிது. பனம்பழம் அப்படியல்ல. அதன் களியில் இனிப்போடு ஒரு காறலும் கசப்பும் இருக்கும். பிளபெலிபெரின் எனப்படும் சபோனின் வகைப் பொருள்களே இந்தக் கசப்புக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இந்தக் கசப்பு மரத்துக்கு மரம் வேறுபடும்.

தெல்லிப்பழையில் எனக்குப் பனங்களி தரும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். எல்லா மரத்துப் பழத்தையும் அவர் ஒன்றாகப் பிசைவதில்லை. "இந்த மரம் பணியாரத்துக்கு, அந்த மரம் பனாட்டுக்கு, அங்காலை நிக்கிறது மாட்டுக்கு. பிள்ளை, பழத்தைக் கேட்டுத்தான் பலகாரம் செய்யோணும்" என்பார். களியை நாருறப் பிழிந்து வடித்து, தாச்சியில் சீனியோடு நன்றாகக் காய்ச்சி, காறல் அடங்கிய பிறகே கோதுமை மா சேர்ப்பார். பிறகு கையால் கிள்ளி எண்ணெயில் போடுவார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெதுமை.

உணவகத்தில் நான் செய்வது இதன் நீட்சிதான். காய்ச்சிய களியைத் தேங்காய்ப்பாலோடும் பனங்கட்டியோடும் சேர்த்து ஐஸ்கிரீமாக்கி, பக்கத்தில் சுடச்சுட இரண்டு பணியாரம் வைக்கிறேன். பாலின் கொழுப்பு கசப்பை மென்மையாக்குகிறது, குளிர் இனிப்பை அடக்குகிறது. கசப்பை முற்றாக நீக்க நான் முயல்வதில்லை. அது போய்விட்டால் பனம்பழமும் போய்விடும்.

கள்ளும் கருப்பநீரும்

பனை என்றதும் எம்மவர் சிலர் தயங்குவார்கள். பாளையிலிருந்து இறங்கும் நீர், காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்களால் சில மணி நேரத்திலேயே நொதித்துக் கள்ளாகிவிடும். அதனால்தான் அந்தத் தயக்கம். ஆனால் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிவிட்டால் நொதிப்பு தடைப்படும். அப்படி இறக்குவதே கருப்பநீர், அதாவது பதநீர். அதைக் காய்ச்சி, பனையோலைக் குட்டானில் வார்த்தால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை. விலக்கப்பட்டதையும் ஆகுமானதையும் பிரிப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பும், இறக்குபவரின் நேர்மையும்தான். ஐரோப்பிய இனிப்புகளில் 'ரம்', வைன் சேர்க்கும் இடங்களில் நான் கருப்பநீர்ப் பாணியையும் ஏலக்காயையும் சேர்க்கிறேன்.

பெருநாள் வட்டலப்பத்துக்கும் இதே பனங்கட்டிதான். வட்டலப்பம் மலாய் மக்களோடு இலங்கைக்கு வந்ததென்று பொதுவாகக் கருதப்படுகிறது. தெற்கில் அது கித்துள் கருப்பட்டியில் செய்யப்படுகிறது. பனங்கட்டியில் செய்தால் நிறம் சற்றுக் குறைந்து, இலேசான உவர்ப்பும் மண்வாசமும் வரும். யாழ்ப்பாணத்து வட்டலப்பம் என்று அதை அடையாளம் காணலாம்.

பிறையும் வெயிலும்

பொங்கலும் ஆடிப்பிறப்பும் சூரியக் கணக்கில் வருவதால் அவை எப்போதும் அதே பருவத்தில் நிற்கின்றன. எம் பெருநாள்கள் அப்படியல்ல. பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆகவே றமழான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2015இல் நோன்பு மாம்பழக் காலத்தில் வந்தது. பெருநாளும் ஆடிப்பிறப்பும் ஜூலை நடுப்பகுதியில் அடுத்தடுத்து வந்தன. இன்னும் சில ஆண்டுகளில் நோன்பு மார்கழி மழைக்குள் போய்விடும். நோன்பு திறக்கும் கஞ்சியும் பேரீச்சம்பழமும் மாறாது. பக்கத்தில் வைக்கும் பழமும் பானமும் மாறும். ஒருவர் தம் ஆயுளில் ஒவ்வொரு பருவத்தின் பழத்தாலும் நோன்பு திறக்கிறார். மார்க்கம் பருவத்தை மறக்கவும் இல்லை. பணத்துக்கான ஸகாத் ஆண்டு நிறைந்தால் கடமையாகும், விளைச்சலுக்கான ஸகாத்தோ அறுவடை நாளில். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று.

எதை இழந்தோம், எது மிஞ்சியது?

பருவ இனிப்பு செய்ய ஓரிடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும். மரம் எப்போது பூக்கும், எந்த மழைக்கு உதிரும், எந்தப் பனையின் பழம் கசக்கும் என்பவை ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சேர்க்கும் அறிவு. 1990 நடுப்பகுதியில் தெல்லிப்பழை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் நாங்கள், வடக்கு முஸ்லிம்கள், வெளியேற்றப்பட்டோம். என் குடும்பம் புத்தளம் போனது. வாப்பும்மா அங்கே தேங்காயில் எத்தனையோ பலகாரம் செய்தார். ஆனால் பனாட்டுப் போட அவருக்கு மரமும் பந்தலும் பாயும் இல்லை. களியைப் படைபடையாகப் பாயில் ஊற்றி வெயிலில் காயவிடும் அந்த வேலையை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன், செய்யப் பார்த்ததில்லை. தெல்லிப்பழை ஆச்சியும் பல ஆண்டுகள் வேறு ஊர்களில் வாழ்ந்தவர். காணி திரும்பக் கிடைத்தபோது மாமரங்கள் இல்லை, பனைகள் சில நின்றன. பனை காய்க்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு ஆகும். போர்க்காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளை ஓரிரு ஆண்டில் ஈடுசெய்ய முடியாது.

ஆகவே ஆச்சியிடம் நான் களி மட்டும் வாங்குவதில்லை. வாப்பும்மா சொன்னதையும் அவர் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரு வீட்டுப் பனாட்டும் ஒன்றுதான். பாணிப் பனாட்டில் மட்டும் அவர் மிளகு கூட்டுவார், வாப்பும்மா ஏலக்காய் கூட்டுவாராம். நான் இரண்டையும் கூட்டுகிறேன்.

மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பியை எடுத்து மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் அந்த மாதம் என்ன பழுக்கிறது, உம்மும்மாவும் வாப்பும்மாவும் அதில் என்ன செய்தார்கள், எந்த அளவில், எந்தப் பாத்திரத்தில், ஏன் அப்படி என்று கேட்டு எழுதுங்கள். 'கைப்பக்குவம்' என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடாதீர்கள், அடுப்படியில் நின்று அளந்து பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளை சமையலைத் தொழிலாக எடுக்க விரும்பினால் அதைக் குறைவாக எண்ணாதீர்கள். இத்தொழிலுக்கு இரசாயனமும் தாவரவியலும் கணக்கும் மார்க்க அறிவும் வேண்டும். உங்கள் வளவில் இடமிருந்தால் ஒரு பனங்கொட்டையையும் ஊன்றிவிடுங்கள். அதன் பழத்தைக் காய்ச்சப்போகும் பிள்ளை இன்று உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம்.