ஊரடங்கில் மனம் போன போக்கு

நேற்று நீங்கள் எவ்வளவு பதற்றமாக இருந்தீர்கள்? பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் மக்களிடம் கேட்டுவரும் நான்கு கேள்விகளில் இது ஒன்று. வாழ்க்கையில் திருப்தி உண்டா, செய்கிற காரியங்கள் பயனுள்ளவையாகத் தோன்றுகின்றனவா, நேற்று மகிழ்ச்சியாக இருந்தீர்களா என்பவை மற்ற மூன்று. 2019 கடைசியில் பதற்றக் கேள்விக்கு ஆறோ அதற்கு மேலோ சொன்னவர்கள் நூற்றுக்கு 21 பேர். 2020 மார்ச் 20 முதல் 30 வரை கேட்டபோது அது 49.6 விழுக்காடு. அந்தப் பத்து நாளுக்கு நடுவில்தான், 23ஆம் தேதி இரவு, பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனா பரவலைத் தடுக்க எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்.

முதல் வாரத்திலேயே இப்படியென்றால் போகப் போக என்ன ஆகும்? அடைந்து கிடக்கக் கிடக்க மனம் கெட்டுக்கொண்டே போகும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ‘மனநலச் சுனாமி’ வரப்போகிறது என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. நடந்தது வேறு.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டெய்சி ஃபேன்கோர்ட்டின் குழு மார்ச் 21 அன்று ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. அது வாராவாரம் அதே ஆட்களிடம் இணையவழியே அதே கேள்விகளைக் கேட்டது. 70,000க்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் 36,520 பேரின் பதில்களை முதல் 20 வாரங்களுக்கு வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, பதற்றமும் மனச்சோர்வும் உச்சத்தில் இருந்தது தொடக்கத்தில்தான் என்று தெரிந்தது. பிறகு இரண்டும் இறங்கின. அதிலும் வேகமாக இறங்கியது இரண்டாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடையில், அதாவது கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்த ஏப்ரலில். நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வரை இறந்துகொண்டிருந்த மாதம் அது.

இதை மனம் கல்லாகிவிட்டது என்று படிக்கக் கூடாது. மார்ச் நடுவில் யாருக்கும் எதுவும் தெரியாது. கடை திறந்திருக்குமா, வேலை இருக்குமா, அம்மாவைப் பார்க்கப் போகலாமா, எல்லாமே கேள்விக்குறி. கட்டுப்பாடு வந்ததும் ஒரு விடையாவது கிடைத்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். ஊரடங்குக்கு மூன்று நாள் முன்பே, மார்ச் 20 அன்று, வேலையின்றி வீட்டில் இருத்தப்படும் ஊழியருக்குச் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே தரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதனால் பிரிட்டனின் வளைகோட்டை எடுத்து நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவிலேயே நாட்டை மூடிய இந்தியாவில், அன்றாடக் கூலிக்காரர் கேட்டது ‘வீட்டில் எப்படிப் பொழுது போக்குவது’ என்றல்ல, ‘சொந்த ஊருக்கு எப்படி நடந்துபோய்ச் சேருவது’ என்று.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். தாமாக முன்வந்து இணையத்தில் பதில் சொல்கிறவர்கள் நாட்டின் சரியான மாதிரி அல்ல. எடை போட்டுச் சரிக்கட்டினாலும் அந்தக் குறை முழுதாகப் போகாது. ஆனால் 2009 முதல் தேர்ந்தெடுத்த அதே குடும்பங்களைத் தொடர்ந்துவரும் இன்னொரு ஆய்வும் பிரிட்டனில் இருக்கிறது. அதில் மனநலக் குலைவுக்கான அறிகுறி உள்ளவர்கள் 2018-19இல் 18.9 விழுக்காடு, 2020 ஏப்ரலில் 27.3. இலையுதிர் காலத்துக்குள் சராசரி கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு ஆய்வும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

சராசரி என்பது பொல்லாத சொல். அந்தக் குடும்ப ஆய்வில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொருவரும் போன பாதையைத் தனித்தனியாகப் பிரித்தபோது, முக்கால்வாசிப் பேர் பெரிய ஆட்டமில்லாமல் நன்றாகவே இருந்தார்கள். 12 விழுக்காட்டினர் முதலில் விழுந்து பிறகு தேறினார்கள். 7 விழுக்காட்டினர் தொடக்கம் முதல் முடிவுவரை மிக மோசமான நிலையிலேயே கிடந்தார்கள். 4 விழுக்காட்டினர் மாதாமாதம் சரிந்துகொண்டே போனார்கள். சராசரிக் கோடு பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களின் கண்ணில் இந்தக் கடைசி இரண்டு கூட்டமும் படவில்லை.

அவர்கள் யார்? வைரஸ் அதிகம் கொன்றது முதியவர்களை. மனம் அதிகம் உடைந்தது இளையவர்களுக்கு. பதினெட்டிலிருந்து இருபத்து நாலு வயதுக்காரர்கள், பெண்கள், சிறு குழந்தைகளோடு இருந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள், முன்பே மனநோய் இருந்தவர்கள் எனப் பட்டியல் நீளும். தனிமையிலும் இதே கதைதான். லண்டன் கணக்கெடுப்பில் 38,217 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஏற்கெனவே மிகத் தனிமையில் வாடியவர்களுக்கு ஊரடங்கில் அது கூடியது. தனிமையே இல்லாதவர்களுக்கு இன்னும் சற்றுக் குறைந்தது. ‘நாம் எல்லோரும் ஒன்றாக இதைக் கடக்கிறோம்’ என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

வீடு என்ற சொல்லுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு இருந்தது. பிரிட்டனில் எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் தோட்டம் கிடையாது. லண்டனில் ஐந்தில் ஒன்றுக்கு இல்லை. இங்கிலாந்தில் கறுப்பினத்தவருக்கு வெளியே நிற்க ஓர் இடமே இல்லாத வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்தவரும், பத்தாவது மாடியில் இரண்டு குழந்தைகளோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அனுபவித்தது ஒரே ஊரடங்கு அல்ல.

தற்கொலைகள் பெருகும் என்ற அச்சம், நல்லவேளையாக, முதல் மாதங்களில் பொய்த்தது. 21 நாடுகளின் தரவுகளைப் பார்த்த ஆய்வில் எங்கும் பெரிய ஏற்றம் தெரியவில்லை. ஆனால் ஜப்பானில் 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை 14 விழுக்காடு குறைந்த தற்கொலை, ஜூலை முதல் அக்டோபர் வரை 16 விழுக்காடு கூடியது, பெண்களிடையே 37. நெருக்கடியின் முதல் கட்டத்தை வைத்து அடுத்ததைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

பிரிட்டனிலும் அடுத்த கட்டம் வந்தது. 2021 ஜனவரியில் மூன்றாவது ஊரடங்கு. வசந்தகால வெயில் இல்லை, புதுமை இல்லை, மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டும் உற்சாகம் வடிந்துவிட்டது. தொற்றுக்கு முன் பத்தில் ஒருவருக்கு இருந்த மனச்சோர்வு அறிகுறி, அந்தக் குளிர்காலத்தின் இறுதியில் ஐந்தில் ஒருவருக்கு இருந்தது. முப்பது வயதுக்குட்பட்ட பெண்களில் 43 விழுக்காடு. இதற்கு நேர்மாறாக, 2020 மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் மனச்சோர்வு என்று எழுதிய எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைந்திருந்தது. நோய் குறையவில்லை. மக்கள் மருத்துவரிடம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஊரடங்கு முழுதாக நீங்கிய பிறகும் மனச்சோர்வுக் கோடு பழைய பத்து விழுக்காட்டுக்குத் திரும்பவில்லை. 2021 கோடையில் 17. 2022 இலையுதிர் காலத்தில் 16. அதற்குள் கவலை வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது. மின்சார, எரிவாயுக் கட்டணம் கட்டத் திணறியவர்களில் 24 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறி இருந்தது. சிரமமின்றிக் கட்டியவர்களிடம் அது 9.