ஈலி ஆலயத்தின் ஓக் மரங்கள்

இங்கிலாந்து நாட்டின் கிழக்கே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேடு என்பதே அரிதான சதுப்புச் சமவெளி பரந்து கிடக்கிறது. அதன் நடுவே, சிறு மேட்டின்மீது ஈலிப் பேராலயம் எழுந்து நிற்கிறது. தொலைவிலிருந்து காண்போர்க்கு அது கப்பலெனத் தோன்றுவதால், 'சதுப்பு நிலத்துக் கப்பல்' என்றே அதனை அழைப்பர். புனித எத்தல்திரேதா 673ஆம் ஆண்டில் நிறுவிய துறவு இல்லமே அதன் தொடக்கம். எட்டாம் ஹென்றி மன்னனின் காலத்தில், 1539இல், அத்துறவு இல்லம் மூடப்பட்டது. இன்று அது ஆங்கிலிக்கன் சபையாரின் பேராலயம்.

1322ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்து இரவொன்றில் அதன் நடுக்கோபுரம் இடிந்து வீழ்ந்தது. நிலம்தான் நடுங்கிற்றோ எனத் துறவியர் அஞ்சினராம். ஆலயப் பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்த வால்சிங்கம் ஆலன் என்னும் துறவி மனம் தளரவில்லை. இடிபாடுகளை அகற்றி, அவ்விடத்தை எட்டு மூலைகள் கொண்ட பெருவெளியாக்கினார். ஆனால் எழுபது அடிக்கு மேற்பட்ட அகலத்தைக் கல் வளைவால் மூடுவது எங்ஙனம்? அரசரின் தச்சரான வில்லியம் ஹர்லி அழைக்கப்பட்டார். மரத்தாலேயே ஒரு விளக்குக் கூண்டு அமைத்து, அதனை வானில் தொங்குவது போல் நிறுத்த அவர் திட்டமிட்டார்.

இதற்கு 63 அடி நீளமுள்ள எட்டுத் தூண்கள் வேண்டியிருந்தன. அத்துணை நெடிய, நேரான ஓக் மரங்கள் அந்நாளிலேயே அரிதாகிவிட்டன. பல இடங்களில் தேடிய பின்னரே பெட்ஃபோர்டு வட்டாரத்துச் சிக்சாண்ட்ஸ் என்னுமிடத்தில் அவை கிடைத்தன.

அக்காலத்தில் பெருமரம் வீழ்த்துவதென்றால் கோடரியே துணை. மரம் எப்பக்கம் விழவேண்டுமோ அப்பக்கத்தில் அடியை ஆழமாக வெட்டுவர். பின்னர் மறுபக்கம் வெட்டி வருவர். கணக்குத் தவறினால் தண்டு பிளந்து பயனற்றுப் போகும். ஆளின் உயிரும் போகும். விழுந்த தண்டின்மீது நூல் பிடித்து, அகன்ற கோடரியால் நான்கு பக்கமும் செதுக்கிச் சதுரமாக்குவர். நம் தச்சர்கள் பச்சை மரத்தில் கைவைக்கத் தயங்குவர். ஆங்கிலத் தச்சரோ ஓக் மரத்தை ஈரம் உலருமுன்னரே இழைத்துவிடுவர். உலர்ந்த ஓக் இரும்பைப் போல் இறுகிவிடும் அன்றோ! அத்தண்டுகளை ஈலிக்குக் கொண்டு செல்ல, வழியிலிருந்த சாலைகளையும் பாலங்களையும் வலுப்படுத்த வேண்டியதாயிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்தது அப்பணி.

ஆலயத்திற்காகப் பெருமரங்களை வெட்டலாமா என்று இக்காலத்தவர் வினவக்கூடும். லெபனோன் கேதுருக்களை வேண்டித் தீர் நாட்டு மன்னனிடம் ஆளனுப்பிய சாலமோனையும் அவ்வாறே வினவலாம். ஏழு நூற்றாண்டுகள் கழிந்தும் அத்தூண்கள் பாரம் தாங்கி நிற்கின்றன. பத்தாண்டு தாங்காத பெஞ்சுகளைப் பங்கு ஆலயத்திற்கு வாங்கி நொந்த எனக்கு, ஆலனைக் குறைகூற நாவெழவில்லை.

ஆலன் அறியாத வேறு ஓக் மரங்களும் இருந்தன. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகட்கு முன், கடல்மட்டம் உயர்ந்து அச்சமவெளியின் காடுகளுள் நீர் புகுந்தது. பெருமரங்கள் பட்டுப்போய்ச் சேற்றில் வீழ்ந்தன. காற்றுப் புகாத கருஞ்சேறு அவற்றை மக்கவிடவில்லை. மண்ணின் இரும்புச் சத்து மரத்தின் துவர்ப்புச் சத்தோடு கலந்ததால், அவை உள்ளும் புறமும் கறுத்துப் போயின.

2012ஆம் ஆண்டு நார்ஃபோக் வட்டாரத்து வயலொன்றில் அத்தகைய தண்டு ஒன்று வெளிப்பட்டது. நீளம் 13.2 மீட்டர், அதாவது ஏறத்தாழ 43 அடி. அதுவும் முழு மரமன்று, ஒரு பகுதியே! வெளியில் எடுத்த இத்தகைய மரம் காற்றுப்பட்டால் சுருங்கும், வெடிக்கும், முறுக்கும். துண்டு துண்டாக அறுத்து உலர்த்துவதே எளிய வழி. தச்சர்களோ அதன் முழு நீளத்தையும் காக்கத் துணிந்தனர். நீளவாக்கில் பத்துப் பலகைகளாக அறுத்து, தனி உலர்த்தும் அறையில் பல மாதங்கள் வைத்துச் சிறிது சிறிதாக ஈரத்தை நீக்கினர். மன்னரின் கருவூலத்துப் பணமோ அரசாணையோ இன்றி, நன்கொடைகளாலும் கைவினைஞரின் உழைப்பாலும் பத்தாண்டுகளில் ஒரு நெடிய மேசை உருவாயிற்று. 2022 மே மாதம், இளவரசி ஆன் அதனை ஈலிப் பேராலயத்தில் திறந்து வைத்தார். பின்னர் அது ராச்செஸ்டர் பேராலயத்திற்கும் சென்றது.

ஆலன் நெடுமரம் தேடி வேற்று வட்டாரங்களுக்கு ஆளனுப்பியபோது, அவரது ஆலயத்திலிருந்து ஒருநாள் நடைத் தொலைவிலேயே இம்மரம் சேற்றினுள் கிடந்தது. பதினேழாம் நூற்றாண்டு முதல் அந்நிலத்து நீரை வடித்துப் பயிரிட்டு வருகின்றனர். மேல்மண் ஆண்டுதோறும் சுருங்கித் தாழ்கிறது. அதனால் எஞ்சிய மரங்களும் ஒவ்வொன்றாக ஏர்முனையில் இடறுகின்றன. உழவுக்கு இடைஞ்சலென்று அவற்றை இழுத்துப்போட்டு எரித்தவர் பலர். காற்றுப்பட்டுக் கிடந்தவை உளுத்துப் போயின. புதைந்திருப்பவை இன்னும் எத்தனையோ, அந்த மண்ணுக்கே வெளிச்சம்.