காற்றிடம் கற்ற பாடம்

ஆஸ்திரேலியாவின் வடகரையில் அமைந்துள்ள நகரம் டார்வின். 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, விடிவதற்கு முன்பே, ‘டிரேசி’ என்னும் சூறாவளி அந்நகரைத் தாக்கியது. விமான நிலையத்தில் இருந்த காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்த பின்னர்ச் செயலிழந்தது. பொழுது விடிந்தபோது பெரும்பாலான வீடுகள் சிதைந்து கிடந்தன. 66 பேர் உயிரிழந்தனர். 30,000க்கும் மேற்பட்டோர் வேறு நகரங்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டனர்.

பொறியாளர்கள் கணக்கிட்டு எழுப்பிய பெரிய கட்டடங்கள் பல புயலைத் தாக்குப்பிடித்தன. ஆனால், வீடுகள் அவ்வாறு கணக்கிட்டுக் கட்டப்படவில்லை; வழக்கமான முறையிலேயே கட்டப்பட்டிருந்தன. அவை எவ்வாறு சிதைந்தன என்பதைப் பொறியாளர் ஜார்ஜ் வாக்கர் விரிவாக ஆராய்ந்தார்.

இரண்டு காரணங்கள் முதன்மையானவை. முதலாவது, கூரையின் மீது வேகமாக வீசும் காற்று அதனை மேல்நோக்கி இழுக்கிறது. காற்றின் வேகம் கூடிக் குறையும்போதெல்லாம் கூரைத் தகடுகள் மேலும் கீழும் அசைகின்றன. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது ஒடிந்துவிடும் அல்லவா? அதைப் போலவே, தகடுகளைச் சட்டத்தோடு பொருத்தியிருந்த இடங்களில் விரிசல் ஏற்பட்டு, அவை கிழிந்து பறந்தன. இரண்டாவது, பறந்து வந்த பொருள்கள் சன்னல்களை உடைத்தன. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளியது. மேலிருந்து இழுக்கும் விசையும் கீழிருந்து தள்ளும் விசையும் சேர்ந்ததால் கூரை பெயர்ந்தது; கூரையின் பிடிப்பை இழந்த சுவர்களும் சாய்ந்தன.

இந்த ஆய்வுக்குப் பிறகு கட்டட விதிகள் மாற்றப்பட்டன. வீடுகளையும் பொறியியல் முறைப்படி வடிவமைக்க வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. கூரை, சுவர், அடித்தளம் ஆகிய மூன்றும் எஃகுக் கம்பிகளாலும் பட்டைகளாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. சன்னல் உடைந்தால் உள்ளே உண்டாகும் அழுத்தமும் கணக்கில் சேர்க்கப்பட்டது. கூரைத் தகடுகள் 10,000 முறை விசைக்கு உட்படுத்திச் சோதிக்கப்பட்டன. 1977இல் டவுன்ஸ்வில் நகரிலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் சூறாவளிச் சோதனை நிலையம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

இந்த மாற்றங்கள் பயன் தந்தனவா? 2011ஆம் ஆண்டு ‘யாசி’ என்னும் கடும் சூறாவளி குவீன்ஸ்லாந்து மாநிலத்தைத் தாக்கியது. புதிய விதிகளின்படி கட்டப்பட்ட வீடுகளின் கூரைகள், பழைய வீடுகளின் கூரைகளைவிடக் குறைவாகவே சேதமடைந்தன. எனினும், புதிய வீடுகளிலும் ஒரு குறை வெளிப்பட்டது. கார் நிறுத்துமிடங்களின் அகலமான கதவுகள் காற்றின் விசையால் வளைந்து பெயர்ந்தன. அந்த வழியாகக் காற்று வீட்டினுள் புகுந்தது. எனவே, 2012இல் அக்கதவுகளுக்கான தர விதிகளும் திருத்தப்பட்டன.

கட்டட விதிகள் வெறும் எண்களாகத் தோன்றலாம். ஆனால், அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு நகரம் பட்ட துன்பம் இருக்கிறது. அதே துன்பம் மீண்டும் நேராமல் காப்பதே அவற்றின் நோக்கமாகும்.