10 கிராம் கூடினால் 11 ரூபாய்! தபால் கட்டண உயர்வைச் சமாளிக்க ஒரு சமையலறைத் தராசு போதும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் டன் கணக்கில் சரக்கு. துறைமுகத்துக்குள் போக அவை காத்திருக்கும் அதே நேரத்தில், பக்கத்துத் தெருக்களில் இன்னொரு சரக்கும் கிளம்பத் தயாராகிறது. அதற்கு லாரி வேண்டாம், ஒரு கட்டைப்பை போதும். உள்ளே நாலைந்து பிரவுன் கவர்கள். மேலே மார்க்கர் பேனாவில் முகவரி, பின்கோடு.

திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் பக்கம் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக வியாபாரம் செய்பவர்களின் சரக்கு அது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்து விற்பவர்கள், கையால் வாழ்த்து அட்டை செய்பவர்கள், குழந்தைகள் புத்தகம் அனுப்புபவர்கள் எனப் பல ரகம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு: தபால் செலவு.

"ஃப்ரீ டெலிவரியா அக்கா?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, "ஆமாம்மா" என்று சொல்லிப் பழகிவிட்டவர்கள்தான் இப்போது அதிகம் திணறுகிறார்கள்.

என்ன மாறியது?

கடந்த சில ஆண்டுகளில் தபால் துறையில் அடுத்தடுத்து மாற்றங்கள். புத்தகம் விற்பவர்கள் நம்பியிருந்த பதிவுப் புத்தகத் தபால் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025-ல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டின் ஆவண வகைக் கட்டணமும் மாறியது. அதற்கு முன் 2012-ல்தான் கட்டணம் மாற்றப்பட்டிருந்தது.

"எல்லாம் ஏறிப்போச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால், பழைய அட்டவணையையும் புதிய அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாம் ஒரே மாதிரி ஏறவில்லை. சில இடங்களில் இறங்கியும் இருக்கிறது! கீழே உள்ளவை எல்லாம் ஜி.எஸ்.டி. சேர்க்காத கட்டணம்.

* 50 கிராம் வரை: உள்ளூருக்கு 15 ரூபாயாக இருந்தது 19 ஆனது. வெளியூர் எதுவானாலும் 35 ரூபாயாக இருந்தது 47 ஆனது.
* 180 கிராம் கவர்: உள்ளூருக்கு 25-லிருந்து 24 ஆகக் குறைந்தது. 200 கிலோமீட்டருக்குள் என்றால் 35-லிருந்து 59 ஆக எகிறியது. 2,000 கிலோமீட்டரைத் தாண்டினால் 70-லிருந்து 77.
* 240 கிராம் கவர்: திருச்சி மாதிரி 201 முதல் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு 60-லிருந்து 63. 2,000 கிலோமீட்டருக்கு மேல் 90-லிருந்து 77 ஆகக் குறைந்தது.

240 கிராமுக்கு ஏன் குறைந்தது? முன்பு 200 கிராமைத் தாண்டினாலே அடுத்த படிக்கட்டுக்குப் போய்விடும். இப்போது அந்தக் கோடு 250 கிராம். 250 கிராம் வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் 500 கிராம் வரை வேறு கட்டணம்.

ஆக, அடி அதிகம் விழுந்தது பக்கத்து ஊர்களுக்கு அனுப்பும் மெல்லிய கவர்களுக்குத்தான். சென்னையிலிருந்து வேலூர், காஞ்சிபுரம், புதுச்சேரி போகிறவை எல்லாம் இதில் வந்துவிடும்.

ஃப்ரீ டெலிவரியின் விலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவொற்றியூரிலிருந்து ஒருவர் 100 ரூபாய்க் குழந்தைகள் புத்தகம் ஒன்றை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் கமிஷன் 30 ரூபாய். கவரோடு சேர்த்து எடை 180 கிராம். ஆவண வகையில் வேலூருக்கு அனுப்புகிறார். தபால் செலவு அவருடையது.

பழைய கட்டணம் 35 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 41 ரூபாய் 30 காசு. கமிஷன் போக, கையிலிருந்து 11 ரூபாய் போனது. புதிய கட்டணம் 59 ரூபாய். வரியோடு 69 ரூபாய் 62 காசு. இப்போது கையிலிருந்து போவது கிட்டத்தட்ட 40 ரூபாய். மாதம் 20 புத்தகம் இப்படி அனுப்பினால் சுமார் 800 ரூபாய் நஷ்டம். விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும்!

இதே புத்தகத்தை மயிலாப்பூரில் இருப்பவருக்கு உள்ளூர்க் கட்டணத்தில் அனுப்பினால் 24 ரூபாய், வரியோடு 28 ரூபாய் 32 காசு. கமிஷனுக்குள் அடங்கிவிடும். அதனால், "இந்தியா முழுவதும் இலவச டெலிவரி" என்ற போர்டை எடுத்துவிட்டு, "சென்னைக்குள் இலவசம், வெளியூருக்குத் தபால் செலவு தனி" என்று மாற்றினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

புத்தகத்துக்குத் தனி வழி

புத்தகம் விற்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2025 மே 1 முதல் தபால் துறை 'கியான் போஸ்ட்' என்ற சேவையை நடத்துகிறது. ஞானம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கல்வி, சமூக, கலாசார, சமயப் புத்தகங்களுக்காக அறிவிக்கப்பட்ட சேவை இது. 300 கிராம் வரை 20 ரூபாய். அதிகபட்சமான 5 கிலோவுக்கு 100 ரூபாய். வரி தனி. தரைவழியில் போவதால் நாள் கொஞ்சம் கூடும். ஆனால், எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று டிராக்கிங் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நிபந்தனைகளும் உண்டு. பாக்கெட்டில் அச்சகத்தார் அல்லது பதிப்பகத்தாரின் பெயர் இருக்க வேண்டும். விளம்பரங்கள் நிறைந்த வணிக வெளியீடுகளுக்கு அனுமதி இல்லை. நாவல், கதைப் புத்தகம் எல்லாம் இதில் வருமா என்ற சந்தேகம் இருந்தால், ஆர்டர் எடுப்பதற்கு முன்பே ஒரு பிரதியோடு தபால் நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

இதில் பெரிய லாபம், சேர்த்து அனுப்புவதில்தான் இருக்கிறது. 300 கிராம் புத்தகம் 16 சேர்ந்தால் 4 கிலோ 800 கிராம். அட்டைப் பெட்டியோடு 5 கிலோவுக்குள் முடித்தால் 100 ரூபாய். ஒரு புத்தகத்துக்கு 6 ரூபாய் 25 காசுதான் வருகிறது. ஒரு பள்ளி ஆசிரியரோ, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவோ மொத்தமாக ஆர்டர் கொடுத்தால், அவர்களுக்குத் தள்ளுபடியே தரலாம்.

சின்ன அளவிலும் இது பலிக்கும். 130 கிராம் புத்தகம் இரண்டு, கவரோடு 300 கிராமுக்குள் வந்துவிட்டால் கட்டணம் அதே 20 ரூபாய்தான். "ஒண்ணு வாங்கினாலும் ரெண்டு வாங்கினாலும் தபால் செலவு ஒண்ணுதாங்க" என்று ஸ்டேட்டஸ் போட்டால், இரண்டாவது புத்தகமும் விற்கும்.

துணி விற்பவர்களுக்கு

மேலே சொன்ன ஸ்பீடு போஸ்ட் அட்டவணை ஆவண வகைக்கானது. புடவை, நைட்டி போன்ற பொருள்கள் பார்சலில் வேறு கட்டணத்தில் போகும். இங்கே எடையோடு பெட்டியின் அளவும் முக்கியம். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கின்றன. வரும் எண்தான் கிலோ கணக்கு. உண்மையான எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம்.

600 கிராம் புடவை ஒன்றை 30-க்கு 25-க்கு 15 பெட்டியில் வைத்தால் அது 2.25 கிலோவாகக் கணக்காகும். அதையே மடித்து 4 சென்டிமீட்டர் உயரமுள்ள கவரில் வைத்தால் 0.6 கிலோதான். பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதில்லையே!

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

* தராசு: சமையலறை டிஜிட்டல் தராசே போதும். பேக் செய்த பிறகு எடை போடுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் 200 கிலோமீட்டருக்குள் 250 கிராம் வரை 59 ரூபாய். 260 கிராம் என்றால் 70 ரூபாய். கூடுதலாகச் சுற்றிய பபிள் ராப் உங்களுக்கு 11 ரூபாய் செலவு வைத்திருக்கும்.
* மழைக்காலம்: வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அட்டைப் பெட்டியை விட, உள்ளே ஒரு பாலித்தீன் உறையும் வெளியே கெட்டியான கவரும் எடை குறைவு, பாதுகாப்பும் அதிகம்.
* கூடுதல் வசதிகள்: ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதிக்கு 5 ரூபாய், ஓ.டி.பி. சொன்னால்தான் டெலிவரி என்ற வசதிக்கு 5 ரூபாய், வரி தனி. விலை உயர்ந்தவற்றுக்கு மட்டும் எடுத்தால் போதும்.
* தள்ளுபடி: புதிதாகச் சேரும் மொத்த வாடிக்கையாளர்களுக்கு 5 சதவீதமும், மாணவர்களுக்கு 10 சதவீதமும் தள்ளுபடி அறிவிக்கப்பட்டிருக்கிறது. நாம் கேட்டால்தான் விவரம் தெரியும்.
* அனுப்பும் நாள்: தினமும் ஓடாமல் வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரே வாடிக்கையாளரின் இரண்டு ஆர்டர்களை ஒரே கவரில் போடலாம்.

அன்றும் ஒரு அக்டோபர் 1

தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பது புதிதல்ல. 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் கடிதம் எவ்வளவு தூரம் போகிறதோ அதற்கேற்பத்தான் காசு. 1854 அக்டோபர் 1 முதல்தான் நாடு முழுவதும் தூரம் பார்க்காமல் எடையை மட்டும் பார்க்கும் கட்டணம் வந்தது. சாதாரணக் கடிதத்துக்கு அரை அணா. பக்கத்து ஊருக்கும் கல்கத்தாவுக்கும் ஒரே ஸ்டாம்ப். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது.

171 ஆண்டுகள் கழித்து அதே அக்டோபர் 1-ல் வந்த ஸ்பீடு போஸ்ட் அட்டவணை எடை, தூரம் இரண்டையும் பார்க்கிறது. கியான் போஸ்ட் இன்னும் எடையை மட்டுமே பார்க்கிறது. எந்தக் கவரை எதில் போடுவது என்று தெரிந்துகொள்வதுதான் சின்ன வியாபாரியின் கையில் இருக்கிறது.

எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ மின்சார ரயில் ஏறினால் சென்னை கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். பக்கத்திலேயே ராஜாஜி சாலையில், ராபர்ட் சிஸம் வடிவமைத்து 1884-ல் திறக்கப்பட்ட தலைமைத் தபால் நிலையம். அங்கே போனாலும் சரி, தெருமுனைத் தபால் நிலையத்துக்குப் போனாலும் சரி, வீட்டிலேயே எடை போட்டு, கவரின் மூலையில் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். அடுத்த வாடிக்கையாளர் "டெலிவரி எவ்வளவு அக்கா?" என்று கேட்கும்போது, குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியிருக்காது.