கிராம் கணக்கில் ஒரு விமானம்

ஒரு டன் பாறையை உடைத்து, அரைத்து, மருந்து நீரில் ஊறவைத்து எடுத்தால், சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் சில கிராம் தங்கமே மிஞ்சியது என்பதை எங்கள் ஊரில் சிறுபிள்ளைகளும் சொல்லுவார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டதற்கு அந்தக் கணக்கும் ஒரு பிரதான காரணம். ஆகையால் கோலார் தங்க வயலில் பிறந்தவனுக்குக் கிராம் என்பது அற்பமான அளவு அன்று. ஆயினும் அந்த அளவின் முழு மகிமையை நான் உணர்ந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கத்து லைன் வீடொன்றின் திண்ணையில் உட்கார்ந்து, வானொலிக் கட்டளைக்கு அடங்கி ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும் விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கிய பிறகுதான். தங்கத்தில் கிராம் சேர்ந்தால் லாபம். விமானத்தில் கிராம் குறைந்தால் லாபம்.

இதைப் பொம்மை என்று எண்ணிவிடலாகாது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை சுமார் 2.2 மீட்டர், எடை ஏழரைக் கிலோவுக்குள், மூக்கில் 50 சிசி பெட்ரோல் எஞ்சின், அதன் முனையில் ஏறக்குறைய 22 அங்குல விசிறி. அந்த விசிறி நின்ற நிலையில் இழுக்கும் விசை பத்துக் கிலோவுக்கு மேல் இருப்பதால், விமானம் தன் சொந்த எடையைத் தானே தூக்கிக்கொண்டு, மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, ஓரிடத்தில் அசையாமல் தொங்கவும் கூடும். சிறிய மாதிரிகள் நம் ஊர் ஆடிக்காற்றில் சருகைப் போல அலைக்கழிவதைப் பார்த்தவர்களுக்கு, பெரிய விமானம் அதே காற்றில் நிதானமாகக் கோடு கிழித்தாற்போலச் செல்வதைக் காண்பது ஓர் ஆனந்தம். ஒற்றை அடுக்கு இறக்கை 80 அங்குலமாவது இருந்தால் பெரிய மாதிரி என்று அமெரிக்க மாதிரி விமானப் பிரியர்கள் வரம்பு கட்டியிருக்கிறார்கள். அந்நாட்டில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் ‘கஃப்’ என்று பெயரிட்ட தங்கள் மாதிரியை வானொலியால் நடத்திப் பறக்கவிட்டது 1937இல்; அது இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது.

எனக்கு ஆசையை மூட்டியது அமெரிக்கா அன்று, பெங்களூரை அடுத்த எலகங்கா. 1996 முதல் அங்கே நடந்துவரும் விமானக் கண்காட்சிக்கு, மாரிகுப்பத்தில் புறப்படும் விடியற்கால ரயிலேறிப் பெங்களூர் சென்று, நம் விமானப்படையின் சூர்யகிரண் குழுவினர் தலைகீழாகப் பறப்பதைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி: தலைகீழாகப் போகும்போது அது ஏன் விழவில்லை?

விடை இறக்கையின் வடிவத்தில் இருக்கிறது. சாதாரணச் சிறு விமானத்தின் இறக்கை மேற்புறம் அதிகம் வளைந்தும் கீழ்ப்புறம் அவ்வளவு வளையாமலும் இருக்கும். ஒரு பக்கமாகவே பறப்பதற்கு அது போதும். சாகச விமானத்தின் இறக்கையோ இரு புறமும் ஒரே வளைவுள்ளது. அதற்கு மேல் என்றும் கீழ் என்றும் பேதம் கிடையாது. காற்றைச் சற்றே சாய்ந்து எதிர்கொண்டால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது தூக்கும். சாதாரண மாதிரிகளின் இறக்கைகள் நுனி உயர்ந்து ஆழமற்ற ‘வி’ போல இருப்பதன் காரணம், சாய்ந்த விமானம் தானாக நிமிர வேண்டும் என்பது. இங்கே அந்த உபகாரமே உபத்திரவமாகும். ஏனெனில் ஓட்டுகிறவன் சாய்த்தால் சாய்த்தபடி, கவிழ்த்தால் கவிழ்த்தபடி நிற்பதே சாகச விமானத்தின் தர்மம். பக்கவாட்டில் முழுக்கச் சாய்த்து ஓர் இறக்கை தரையையும் மற்றொன்று வானையும் நோக்கப் பறக்கும்போது, தூக்கும் வேலையை இறக்கை கைவிட்டு உடலின் பக்கச் சுவரே ஏற்கிறது. அதற்காகவே அந்த உடல் மீனைப் போல உயரமாக அமைக்கப்படுகிறது. ஜெர்மானியர் வால்டர் எக்ஸ்ட்ரா வகுத்து 1988இல் முதன்முதலாகப் பறந்த எக்ஸ்ட்ரா 300 இந்த லட்சணங்கள் பொருந்திய விமானம். மாதிரி கட்டுவோர் பலரும் அதன் சாயலையே விரும்புகிறார்கள், நானும் அப்படியே.

இனி மரம். ஈக்வடார் நாட்டிலிருந்து வரும் பால்சா மரம், கன மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடையுள்ளது. நம் தேக்கு 650 கிலோவை எட்டும். ஆனால் பால்சாவிலும் பலகைக்குப் பலகை வேறுபாடு உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல இரு மடங்கு கனப்பதை நான் நிறுத்தே பார்த்திருக்கிறேன். வந்த பலகைகளையெல்லாம் சமையலறைத் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதி, கனமானவற்றை மூக்கின் பக்கத்துக்கும் மிக இலேசானவற்றை வாலுக்கும் ஒதுக்குவதில்தான் விமானத்தின் பாதித் தலைவிதி நிர்ணயமாகிறது. கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. விமானத்தின் சமநிலை இறக்கை அகலத்தின் முன் மூன்றிலொரு பாகத்தை ஒட்டி அமையவேண்டும். அவ்விடத்திலிருந்து மூக்கு அரை மீட்டர், வாலோ அதைப்போல இரண்டு இரண்டரை மடங்கு தூரம். ஆகவே வாலில் அஜாக்கிரதையாகப் பூசிய ஒரு கிராம் பசைக்குப் பிராயச்சித்தமாக மூக்கில் இரண்டரைக் கிராம் ஈயம் கட்டவேண்டி வரும். பசை வழிந்தால் மூட்டு பலப்படும் என்ற எண்ணம் நம்மில் வேரூன்றியிருக்கிறது; அது தவறு. இழைத்துப் பொருத்திய மூட்டுக்கு மெல்லிய பூச்சு போதும். பொருந்தாத மூட்டை எவ்வளவு பசையும் காப்பாற்றாது.

எடைக்கு அடுத்தது நேர்மை. முறுக்கிய இறக்கை ஆயுள் முழுவதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கட்டுமானத்துக்கு முன்னே கட்டவேண்டியது மேஜை. நான் பழைய கதவு ஒன்றை ரசமட்டம் வைத்துச் சமன் செய்துகொண்டேன். எங்கள் அறை இறக்கையின் முழு நீளத்தைத் தாங்காது. நல்லவேளையாக இறக்கையை இரு பாதிகளாகக் கட்டி, உடலின் குறுக்கே செல்லும் கார்பன் இழைக் குழாயில் செருகுவதே இவ்வகை விமானங்களின் வழக்கம். இந்த ஊரில் அளவுக் கருவிக்கும் அதைப் பிடிக்கத் தெரிந்த கைக்கும் குறைவில்லை. 1902லேயே சிவசமுத்திரத்து மின்சாரத்தில் இயந்திரங்கள் ஓடிய சுரங்கப் பட்டறைகளும், பின்பு 1964இல் தோன்றிய, மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பெமல் நிறுவனமும் தலைமுறை தலைமுறையாக ஃபிட்டர்களை வளர்த்தன. வெர்னியரை எப்படி வாசிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற அத்தகைய பெரியவர் ஒருவரே.

எலும்புக்கூடு முடிந்ததும் அதன்மேல் போர்த்துவது, சூடு பட்டால் சுருங்கி இறுகும் வண்ணத் தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை மிதமாக வைத்து, ஓரங்களை முதலில் ஒட்டி, பிறகு நடுவை இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் அவசரமாக இறுக்கினால், அத்தனை நாள் காத்த நேர்மை ஐந்து நிமிஷத்தில் முறுக்கிக்கொள்ளும்.

எஞ்சினை நேராகப் பொருத்தாமல் வலப்பக்கம் இரண்டு மூன்று டிகிரி திருப்பி வைப்பது, விசிறிச் சுழற்சி விமானத்தை இடப்பக்கம் இழுப்பதற்கு மாற்று. இது கடல்மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் என்பதையும் மறக்கலாகாது. சென்னைக் கடற்கரையைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் எட்டு சதவீதம் குறைவு. எஞ்சினின் பலமும் அந்த அளவுக்குக் குறைகிறது. கீழே சரியாயிருந்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகம் குடித்துப் புகையும். பெட்ரோல் அளவை ஒழுங்குபடுத்தும் நீடில் திருகைச் சிறிது மூடித்தான் ஓட்டவேண்டும்.

என் முதல் விமானத்தை நான் இழந்தது எஞ்சினாலன்று. வால் மடலையும் சர்வோ மோட்டாரையும் இணைக்கும் கம்பியில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. தெரிந்தே விட்டுவைத்தேன். வேகமாகக் கீழிறங்கியபோது அந்த ஆட்டத்தைக் காற்று பற்றிக்கொண்டு மடலைப் படபடவென்று அடிக்க, தேனீக்கூட்டம் போன்ற ரீங்காரம் ஒன்று கேட்டது. அடுத்த கணம் மடல் தனியாகவும் விமானம் தனியாகவும் விழுந்தன. எட்டு மாத உழைப்பு. அதன் பிறகு 20 கிலோ-சென்டிமீட்டருக்குக் குறைந்த முறுக்குவிசையுள்ள சர்வோவை நான் பொருத்துவதில்லை. மடலுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள இடுக்கைத் தாள் ஒட்டி மூடாமல் பறப்பதுமில்லை.

பறக்கவிடும் இடத்தைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவாலான சயனைட் மேடுகள் பார்வைக்கு விசாலமாயிருக்கின்றன என்பதற்காக அங்கே போகாதீர்கள். அந்த நுண்துகள் எஞ்சினுக்குக் கேடு, உங்கள் சுவாசத்துக்கு அதைவிடக் கேடு. மேட்டின் மறைவில் காற்றும் சுழித்துப் புரளும். கோடையில் வறண்ட ஏரிப் படுகையே உத்தமம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், பொழுதுபோக்குக்கும் படிப்புக்குமான மாதிரி விமானத்துக்கு 25 கிலோ எடை வரம்பையும், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் பறக்கும் நிபந்தனையையும் வைத்திருக்கின்றன. அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கும் 400 அடியே உச்சம்.

இரண்டாவது விமானத்தை ஏரிக்கு எடுத்துச் சென்ற காலையில் என் தகப்பனாரும் கூட வந்தார். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டு புறப்படுமுன் அதன் கயிற்றைச் சோதிக்கும் வழக்கத்தைத் தம் உத்தியோக காலம் முழுவதும் கண்டவர். பெட்ரோல் ஊற்றியதும், “கயித்தப் பாத்துட்டியாப்பா?” என்று கேட்டார். கம்பிகளையும் திருகுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஒன்றைத் தாமும் அசைத்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கட்டளை எட்டுகிறதா என்று சோதிக்க, ரேடியோவின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு முப்பது தப்படி விலகி நடந்து, குச்சியை அசைத்தேன்; அவர் வால் பக்கம் நின்று, “இடது... வலது... மேல...” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எஞ்சின் மூன்றாவது சுண்டலில் பற்றிக்கொண்டது. அவர் வாலைப் பிடித்திருந்த கையை, நான் தலையசைத்த பிறகே எடுத்தார்.